முத்துராக்குவின் முழங்கை

ஆய்வக உதவியாளர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. கல்லூரிக்கு வரலாறு எழுதுகிறவர்கள் நிறுவனரை எழுதுவார்கள், முதல்வர்களை எழுதுவார்கள், தங்கப் பதக்கம் வாங்கிவிட்டு அமெரிக்காவில் சாம்பார் வைத்துக்கொண்டிருக்கும் பெண்களை எழுதுவார்கள். குடுவை கழுவியவளை எழுதமாட்டார்கள். நீ கொண்டுவந்திருக்கும் பட்டியலையே பார், சுகிர்தா. பொன்விழா மலருக்கு வேதியியல் துறையிலிருந்து நாற்பத்திரண்டு பெயர்கள். அவற்றில் ஓர் உதவியாளர் பெயராவது உண்டா? கடைசியில் ஒன்று சேர்த்துக்கொள். முத்துராக்கு. தலைப்பெழுத்துக்கு இடம் விட வேண்டாம். அவளுக்கு அப்படி ஒன்று இருந்ததாக எனக்கு நினைவில்லை.

நான் சொன்னேன் என்று உன் மலர்க்குழுவில் சொல். முனைவர் வசுந்தரா, முன்னாள் முதல்வர், தன்னைப் பற்றி எழுத வந்தவளை உட்காரவைத்து ஓர் உதவியாளரைப் பற்றிச் சொல்லி அனுப்பினார் என்று சொல். பெருந்தன்மை என்ற சொல்லை நீயாகப் போட்டால் நான் அடிக்கப்போவதில்லை.

நாற்காலியை இப்படி நகர்த்திப் போடு. வெளிச்சத்தில் உட்காராதே, உன் வகிடு வெளுத்திருப்பது தெரிகிறது. முப்பத்தெட்டு வயதுதானே உனக்கு? கோபப்படாதே. இதைச் சொல்வதற்கு உனக்கு வேறு யாரும் இல்லை என்பதால் சொல்கிறேன். எனக்கும் அப்படித்தான் ஒருத்தி சொன்னாள். அவள் அன்பினால் சொல்லவில்லை, அதுதான் வேறுபாடு.

இயற்பியல் துறைத் தலைவர் மார்கரெட்டை உனக்கு நினைவிருக்கும். தலை முழுவதும் நரைத்து, அதை ஏதோ விருது போலச் சுமந்துகொண்டு திரிந்தவர். எனக்கு நாற்பத்து நான்கு வயதில் நெற்றிக்கு மேலே நான்கைந்து நரை வந்திருந்தது. ஆசிரியர் அறையில் அத்தனை பேர் முன்னிலையில் மார்கரெட் என் வகிட்டைப் பார்த்து, கெமிஸ்ட்ரியில் வெள்ளையடிக்க ஆரம்பித்துவிட்டார்கள் போலிருக்கிறதே என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று மாலையே டை வாங்கினேன்.

வாங்கியது இந்த ஊர்க் கடையில் அல்ல, பேருந்து ஏறிப் போய் வேறோர் ஊரில். அழகு நிலையத்துக்குப் போவது பற்றி நினைக்கவே இல்லை. அப்போது நம் தெருமுனையில் நிலையம் வைத்திருந்தவளின் மகள் என்னிடமே இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். காலையில் அவள் தாயிடம் தலையைக் கொடுத்துவிட்டு, பத்து மணிக்கு மகளுக்கு நிறமிகளின் வேதியியல் நடத்துவதா? வீட்டில் வைத்து நானே பூசினேன். முன்பக்கம் நன்றாக வந்தது. பின்பக்கம் மனிதக் கைக்கு எட்டாது. கழுத்துக்கு மேலே திட்டுத்திட்டாக, கரிச்சட்டியைத் துடைத்துப் பாதியில் விட்டது போல இருந்தது. ஒரு வாரம் முந்தானையால் கழுத்தை மூடிக்கொண்டு வகுப்புக்குப் போனேன். தொண்டை வலி என்று சொல்லிக்கொண்டேன்.

அப்போதுதான் முத்துராக்குவைத் தேர்ந்தெடுத்தேன். தேர்ந்தெடுத்தேன் என்பதைக் கவனி. துறையில் மூன்று பேர் இருந்தார்கள். ஒருத்தி வாயாடி, இன்னொருத்திக்குக் கை நடுங்கும். முத்துராக்கு மானாமதுரைப் பக்கத்துப் பெண், எட்டாவது படித்தவள், தினக்கூலி போன்ற ஒரு தற்காலிக வேலையில் இருந்தவள். அவள் பியூரெட் குழாயைத் தாங்கியில் பொருத்தும் அழகைப் பார்க்க வேண்டும். ஒரு பதற்றம் இருக்காது. கணவன் இருந்தானா, விட்டுப் போனானா என்று நான் கேட்டதில்லை. பிறர் குடும்பத்தில் தலையிடும் வழக்கம் என்னிடம் இல்லை.

மூன்று வாரத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை. பின்வாசல் வழியாக வருவாள். தரையில் செய்தித்தாளை விரிப்பாள். என் நெற்றி ஓரமும் காதும் கறைபடாமல் எண்ணெய் தடவுவாள். கண்ணாடிக் கிண்ணத்தில் சாயத்தையும் பெராக்சைடையும் நான் சொல்லும் அளவில் கலக்குவாள். பிறகு பின்னால் நின்றுகொண்டு வகிடு வகிடாகப் பிரித்துப் பூசுவாள். பெட்டியில் கையுறை ஒரு சோடி வரும். அதைப் போட்டுக்கொண்டால் முடி சிக்கி இழுத்தது. வேண்டாம், வெறுங்கையால் செய் என்றேன். அவள் விரல்கள் மூன்று நாளைக்குக் கறுத்திருக்கும். துறையில் யாராவது கேட்டால் வெள்ளி நைட்ரேட் பட்டது என்று சொல்லச் சொல்லியிருந்தேன். வெள்ளி நைட்ரேட்டும் தோலைக் கறுப்பாக்கும், உனக்குத் தெரியும். பொய்யில்கூட வேதியியல் பிழை இருக்கக் கூடாது.

அவள் முடியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இடுப்புக்குக் கீழே தொங்கும். ஒரு நரை கிடையாது. எட்டாவது படித்தவளுக்கு எதற்கு அவ்வளவு முடி என்று எனக்குத் தோன்றியதுண்டு. தோன்றியதைச் சொல்லவும் செய்தேன். ஆய்வகத்தில் தீ எரிகிற இடத்தில் இவ்வளவு முடி ஆபத்து, வெட்டிக்கொள் என்றேன். வெட்டிக்கொண்டாள். தோள் வரைக்கும். அதில் எனக்கு எந்த மகிழ்ச்சியும் இல்லை, பாதுகாப்பு விதி அது.

இப்போது நான் சொல்லவருவது சோதனையைப் பற்றி. டை பெட்டியில் ஒரு குறிப்பு இருக்கும். யாரும் படிப்பதில்லை, நான் படித்தேன். பூசுவதற்கு நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கு முன் முழங்கையின் உட்புறத்தில் ஒரு துளி வைத்துப் பார்க்க வேண்டும். சிவந்தாலோ அரித்தாலோ அந்தச் சாயத்தைத் தொடக் கூடாது. கறுப்புச் சாயத்தில் இருப்பது பாரா-பினைலீன்டைஅமீன், விளையாட்டுப் பொருள் அன்று. ஆனால் நான் அரைக்கை ரவிக்கை அணிந்து, கரும்பலகையில் எழுதக் கையைத் தூக்கும் வேலையில் இருந்தேன். என் முழங்கையில் ஒரு கறுப்பு வட்டத்தோடு எழுபது பெண்களுக்கு முன்னால் நிற்க முடியுமா? ஆகவே வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு, செய்முறை வகுப்பு முடிந்ததும், பொருட்கள் வைக்கும் உள்ளறையில் முத்துராக்குவின் முழங்கையில் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை வந்தவுடன் கையைக் காட்டுவாள். பார்த்துவிட்டுத்தான் கிண்ணத்தை எடுக்கச் சொல்வேன்.

ஏன் முகம் மாறுகிறது? ஒருத்தி தோலில் செய்த சோதனை இன்னொருத்தி தோலுக்குப் பொருந்தாது, அதுதானே? எனக்குப் பாடம் நடத்தாதே, உனக்கு ஒவ்வாமையைப் பற்றிச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். பொருந்தாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் கெட்டுப்போன பெட்டி என்றால் யார் தோலிலும் தெரிந்துவிடும் அல்லவா? அந்த அளவில் அது பயனுள்ள சோதனை. முறைப்படி பதிவும் வைத்திருந்தேன். ஒரு ரெக்கார்டு நோட்டில் தேதி, பெட்டியின் எண், ‘மு.ரா., இடது, எதிர்வினை இல்லை.’ ஒன்பது ஆண்டு. உன் முனைவர் பட்ட ஆய்வேட்டில்கூட அவ்வளவு ஒழுங்கான தரவு இல்லை, நான் பார்த்திருக்கிறேன்.

பிறகு அந்த ஆண்டு வந்தது. எனக்கு ஐம்பத்து மூன்று வயது. முதல்வர் ஓய்வு பெறுகிறார், அந்த இடத்துக்கு நானும் மார்கரெட்டும். அதே பருவத்தில் நிர்வாகம் ஆய்வகங்களுக்கு ஒரே ஒரு நிரந்தர உதவியாளர் பணியிடம் அறிவித்தது. முத்துராக்கு பதினோராண்டாகத் தற்காலிகம். நிரந்தரமானால் ஊதியம், மருத்துவ விடுப்பு, வயதான பிறகு ஓய்வூதியம் எல்லாம் உண்டு. அந்த ஒன்றுக்காகத்தான் அவள் பதினோராண்டும் ஒரு நாள் தாமதமாக வந்ததில்லை என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். துறைத் தலைவரின் பரிந்துரைக் கடிதம் இல்லாமல் அந்த வேலை கிடைக்காது. துறைத் தலைவர் நான்.

ஆனி மாதத்தில் ஒரு ஞாயிறு, பூசிக்கொண்டிருக்கும்போதே, சென்ற முறை வைத்த இடம் இன்னும் அரிக்கிறது என்று சொன்னாள். பார்த்தேன். ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குச் சிவந்திருந்தது. ‘லேசான சிவப்பு’ என்று எழுதினேன். சாயத்தின் பெயரை மாற்றினேன், கையையும் மாற்றினேன். அடுத்த முறை வலது. அதற்கடுத்து இன்னொரு சாயம், மீண்டும் இடது. எல்லாப் பெட்டியிலும் இருப்பது அதே பொருள்தான் என்று நீ சொல்லலாம். அளவு வேறுபடும்.

ஆவணியில் என்று நினைக்கிறேன், துளியை எடுத்துக்கொண்டு வந்தபோது அவள் கையை நீட்டவில்லை. ஒன்பது ஆண்டில் முதல் முறை.

“மேடம், இந்த ஒரு தடவ மட்டும் ஒங்க கையில வச்சுப் பாத்துக்கிறீங்களா? எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கமில்ல மேடம்.”

நான் கோபப்படவில்லை. குரலை உயர்த்துவது படிக்காதவர்களின் பழக்கம். பரிந்துரைக் கடிதத்தை மனத்துக்குள் எழுதிக்கொண்டிருப்பதாகவும், ‘இட்ட பணியை மறுக்காதவர்’ என்ற தொடரைச் சேர்க்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்யாமல் இருப்பதாகவும் மட்டும் சொன்னேன். அவள் கையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நீட்டினாள். நான் வற்புறுத்தவில்லை என்பதை நீ கவனித்திருப்பாய்.

முதல்வர் பதவிக்கான நேர்முகம் ஒரு திங்கட்கிழமை. ஆகவே வெள்ளிக்கிழமை துளி, ஞாயிறு பூச்சு. அந்த வெள்ளிக்கிழமை வைத்தது இடது கையில். ஞாயிறு மாலை வந்து நின்றாள். முழுக்கை ரவிக்கை. ஒன்றும் இல்லை மேடம், சுத்தமாக இருக்கிறது என்று சொல்லி வலது ரவிக்கைக் கையைச் சுருட்டி முழங்கையைக் காட்டினாள். வழவழவென்று இருந்தது. இடது கையை வயிற்றோடு ஒட்டி முந்தானைக்குள் வைத்திருந்தாள். பார்த்தேன், குளிராக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். புரட்டாசிக் குளிர். நோட்டைத் திறந்து எந்தக் கை என்று பார்த்திருக்கலாம். மறுநாள் நேர்முகம், என் கவனமெல்லாம் அதில் இருந்தது. கிண்ணத்தை எடு என்றேன்.

பொய் சொன்னது அவள். அதை நீ மறந்துவிடக் கூடாது. தன் கையில் கொப்புளம் கண்ட சாயத்தை என் தலையில் பூசத் துணிந்தவள் அவள். கடிதம் கைநழுவிவிடும் என்று பயந்து மறைத்தாளாம். என் தோலுக்கு ஏதாவது ஆகியிருந்தால் என் நிலை என்ன? நல்ல வேளை, எனக்கு ஒன்றுமே ஆகவில்லை. சொல்லப்போனால் என் வாழ்நாளில் அமைந்த மிகச் சிறந்த சாயம் அதுதான். கறுப்பு என்று தெரியாத கறுப்பு. ஒன்பது ஆண்டில் அவள் கை அவ்வளவு தேர்ந்திருந்தது.

திங்கள் ஒன்பது மணிக்குப் பட்டுப்புடவையில் துறைக்குள் நுழைகிறேன், முத்துராக்கு உள்ளறையில் முக்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். கண்கள் இரண்டும் கோடாக வீங்கியிருந்தன. விரல்கள் மடங்கவில்லை. தோல் வெடித்து நீர் வடிந்தது. அப்படியும் வேலைக்கு வந்திருந்தாள். நான் உடனே செயல்பட்டேன். கதவைச் சாத்தினேன். யாராவது கேட்டால் ஆசிட் என்று சொல் என்றேன். அதில் என் நலன் மட்டும் இருக்கவில்லை. கல்லூரிக்குள் பட்ட காயம் என்றால் கல்லூரி வைத்தியம் பார்க்கும், என் வீட்டில் பட்டது என்றால் யார் பார்ப்பார்கள்? இதை அவளுக்கு விளக்கிச் சொன்னேன்.

அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

“லெட்டர் குடுத்துருவீங்கள்ல மேடம்?”

கொடுப்பேன் என்றேன்.

நேர்முகத்துக்கு வந்த நிர்வாகச் செயலர், அறைகளைப் பார்வையிடுகிறேன் என்று நேரே எங்கள் துறைக்குள் வந்துவிட்டார். மார்கரெட்டும் உடன் வந்தார். செயலர் அவளைப் பார்த்துத் திடுக்கிட்டு, என்ன ஆயிற்று என்று கேட்டார். மார்கரெட் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, என் தலையைப் பார்த்தார். அந்த ஒரு நொடியில் என் முப்பதாண்டும் ஓர் எட்டாம் வகுப்புக்காரியின் வாயில் இருந்தது.

“ஆசிட்டுங்கய்யா. எந் தப்புத்தான். கவனிக்காம கைய வச்சுட்டேன்.”

தன் தப்பு என்ற அந்தக் கூடுதல் வார்த்தைகளை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அவளாகவே சேர்த்தாள். என்னைக் காப்பாற்றுவதாக நினைத்திருப்பாள். நேர்முகத்தில் நான் நன்றாகப் பேசினேன்.

மூன்று நாளில் செயலர் எழுத்துமூலம் அறிக்கை கேட்டார். ஆய்வகத்தில் அமில விபத்து நடந்திருக்கிறது, துறைத் தலைவர் விளக்கம் தர வேண்டும். நீயே சொல், என்ன எழுதுவாய்? கண்காணிப்பில் குறை என்று எழுதினால் அந்தக் குறை என்னுடையது, முதல்வர் பதவி மார்கரெட்டுக்கு. உள்ளது உள்ளபடி எழுதினேன். பணியாளர் பாதுகாப்பு விதியை மீறினார், தவறு தன்னுடையது என்று செயலர் முன்னிலையில் ஒப்புக்கொண்டார். இதில் ஒரு சொல் பொய்யா? அதே கோப்பில்தான் நிரந்தரப் பணிக்கான பரிந்துரையும் போக வேண்டியிருந்தது. விதியை மீறியவள் என்று மேல் தாளில் எழுதிவிட்டு, அடுத்த தாளில் தகுதியானவள் என்று எழுத முடியாது. ஒரே கோப்பில் முரண்பாடு வரக் கூடாது. விலங்கியல் துறையில் இரண்டாண்டு வேலை பார்த்த ஒரு பெண்ணைப் பரிந்துரைத்தேன். கடிதம் கொடுப்பேன் என்று சொல்லியிருந்தேன், கொடுத்தேன். பெயர் மாறியிருந்தது, அவ்வளவுதான்.

ஏன் பேனாவை மூடுகிறாய்? மருத்துவமனைக்கு நான்தான் கடிதம் எழுதிக்கொடுத்தேன். அமிலக் காயம் என்று எழுதினேன். அவர்களும் அமிலக் காயத்துக்கே களிம்பு கொடுத்தார்கள். ஆறவில்லை. ஆறாதது களிம்பின் குற்றம்.

அந்த விலங்கியல் பெண்ணுக்குப் பணி ஆணை வெளியான அன்று மாலை முத்துராக்கு என் அறைக்கு வந்தாள். புதிய அறை, முதல்வர் அறை. உட்காரச் சொன்னேன், அவள் உட்காரவில்லை. அழுவாள் என்று நினைத்தேன், அதற்கும் ஆயத்தமாக இருந்தேன். கையில் துணி சுற்றியிருந்தாள்.

“அன்னிக்கு நான் சொன்னது பொய்யின்னு அய்யாகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க மேடம். டையப் பத்திச் சொல்ல வேணாம். ஆசிட்டு இல்லன்னு மட்டும் சொன்னாப் போதும்.”

நான் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். நீ பொய் சொன்னாய் என்று நானே எழுதிக்கொடுத்தால், பொய் சொல்கிறவளுக்கு யார் நிரந்தர வேலை கொடுப்பார்கள்? கவனக்குறைவுள்ளவள் என்பதாவது பரவாயில்லை, நாணயமற்றவள் என்று பெயரெடுக்க வேண்டுமா? தர்க்கத்தில் எங்கே ஓட்டை இருக்கிறது, சொல் பார்ப்போம். அவளுக்கு அறிவு உண்டு, படிப்புத்தான் இல்லை.

“அதுவும் சரிதான் மேடம்” என்றாள். போய்விட்டாள். மறுநாள் செய்முறை வகுப்புக்கு அறுபது குடுவைகளைக் கழுவி வைத்திருந்தாளாம். எந்தக் கையால் கழுவினாள் என்று எனக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அதன் பிறகு அவள் வரவில்லை. நானும் கூப்பிடவில்லை, எனக்கும் சுயமரியாதை உண்டு. இப்போது பின்பக்கத்தை நானே இரண்டு கண்ணாடி வைத்துச் சமாளிக்கிறேன். நீ என் கழுத்துக்குப் பின்னால் பார்க்காமலிருப்பதை நான் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன், நல்ல பெண் நீ.

மலரில் எழுத இரண்டு வரி போதும். பணிவு, நேரந்தவறாமை. சாயத்தைப் பற்றியது உனக்காகச் சொன்னது, மலருக்கு அன்று. பிறகு அவள் என்ன ஆனாள் என்று கேட்கிறாய். நான் மறைக்கிறவள் அல்லள். அலுவலகத் தட்டச்சர் ஞானசுந்தரி போய்ப் பார்த்துவந்து சொன்னதைச் சொல்கிறேன்.

முத்துராக்குவின் தற்காலிக வேலை அடுத்த ஏப்ரலில் முடிந்தது, புதுப்பிக்கப்படவில்லை. புதுப்பிக்காத ஆணையில் கையொப்பம் என்னுடையது. விடைபெற வந்தபோது ஒரு பெட்டி ரப்பர் கையுறை கொடுத்தேன். அதுவும் அவள் தோலுக்கு ஒத்துக்கொள்ளவில்லையாம். ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவப் போனாள், ஒரு வாரத்தில் அனுப்பிவிட்டார்கள். தையல் கூடத்தில் கறுப்புச் சாயமேற்றிய துணியைத் தொட்டதும் முகம் வீங்கியது, அங்கேயும் நிற்க முடியவில்லை. இப்போது பரமக்குடியில் தங்கை வீட்டில் இருக்கிறாள். விரல் நுனிகளில் தோல் நிற்பதில்லை. சமையலறைக்குள் அவளை விடுவதில்லை. ரேஷன் கடை இயந்திரத்தில் அவளுடைய ரேகை விழுவதில்லை, தங்கை போய்த்தான் அரிசி வாங்கி வருகிறாள். ஓய்வூதியம் இல்லை. உயிரோடு இருக்கிறாள்.